தேன் தொடாத கை

மகனே, இந்தக் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டு முடித்த பிறகு நிதானமாகப் படி. பயப்படும்படி ஒன்றும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். திண்டிவனத்திலேயே மண்டபம் கிடைத்துவிட்டது, சமையலுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. தை மாதம் உன் கல்யாணம். பம்பாயிலிருந்து நீ வந்து இறங்குவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தபாலாபீசுக்குப் போய் ட்ரங்க் கால் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அவர்கள் காதில் இது விழக்கூடாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியவுடனே எனக்கே வெட்கமாகிப் போய் வீட்டுக்குத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன்.

ஏழுமலை வீட்டோடு நமக்குப் போக்குவரத்து ஏன் நின்றது என்று நீ என்னை மூன்று முறை கேட்டிருக்கிறாய். மூன்று முறையும் வரப்புத் தகராறு என்று சொன்னேன். அது பொய். வரப்பு எப்போதும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நடந்ததை இப்போது சொல்கிறேன். உனக்குத் தெரியாமலே இதில் நீயும் இருக்கிறாய்.

நம் வீட்டில் தேன் கிடையாது. கள்ளும் மாமிசமும் எப்படியோ அப்படித்தான் தேனும் சமணர்களான நமக்கு. ஒரு துளி தேனை உண்பது ஏழு ஊர்களைக் கொளுத்துவதற்குச் சமம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூட்டைக் கலைத்து, முட்டையும் புழுவும் நசுங்கப் பிழிந்தெடுக்கிற பண்டம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கோயிலில் அந்தக் கதையைச் சொல்வது நான்தான். காட்டில் யானை துரத்த ஓடியவன் பாழுங்கிணற்றில் விழுந்து, ஒரு விழுதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். கீழே பாம்பு வாயைப் பிளந்திருக்கிறது. மேலே வெள்ளெலி ஒன்றும் கருப்பெலி ஒன்றும் விழுதைக் கொறிக்கின்றன. மரத்துக் கூட்டிலிருந்து ஒரு துளி தேன் அவன் உதட்டில் விழுகிறது. வான்வழியே போகிற விஞ்சையன் ஒருவன் இரங்கி, கையைக் கொடு, தூக்கிவிடுகிறேன் என்கிறான். தொங்குகிறவனோ, இரு, இன்னும் ஒரு துளி விழட்டும் என்கிறான். யானைதான் மரணம், எலிகள் பகலும் இரவும், தேன்தான் ஆசை. அதே நம் நூல்கள்தான் தேனீயைத் துறவிக்கு உவமையாகவும் சொல்கின்றன. பூ வாடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் தேனீயைப் போல, இல்லறத்தாரை வருத்தாமல் பிச்சை ஏற்க வேண்டுமாம். தேன் ஆகாது, தேனீ உயர்ந்தது. இதையே சொல்லிச் சொல்லி எனக்கு 'தேன்துளி நைனார்' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

நீ விழுப்புரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம், எதிர்வீட்டில் முதல் டெலிவிஷன் பெட்டி வந்து, தெருவே அங்கே உட்கார்ந்திருந்த வருஷம், ஏழுமலை தன் நிலத்தில் ஆறு தேனீப் பெட்டிகள் வைத்தார். முகையூரிலிருந்து சவரிமுத்து என்பவர் சைக்கிளில் வந்து, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று காட்டிக்கொடுத்தார். நல்ல மனிதர். பேச்சோடு பேச்சாக, "எங்க வேதத்துல ஆண்டவரு ஜனங்களுக்குக் குடுக்கறேன்னு சொன்னதே பாலும் தேனும் ஓடற தேசந்தாங்க" என்றார். ஏழுமலையும் சிரித்துக்கொண்டு, "எங்க முருகனுக்கும் தேன் இல்லாம அபிஷேகம் ஏதுங்க" என்றார். எல்லோருக்கும் தேன் வேண்டியிருக்கிறது, நமக்கு மட்டும்தான் வேண்டாம், அதை என் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் மனதில் அப்படி எதுவும் இருக்கவில்லை. அது பின்னால்தான் தெரிந்தது.

பெட்டிகளின் வாசல் ஆறும் நம் கழனியைப் பார்த்து இருந்தன. நான் அந்த முறை சூரியகாந்தி போட்டிருந்தேன். "ஏன் ஏழுமலை, எல்லாத்தயும் என் பக்கம் பாத்து வச்சிருக்கே?" என்று கேட்டேன். "கெழக்கப் பாத்து வெக்கணும்னு அவரு சொன்னாருங்க நைனாரே. கெழக்க உங்க கழனிதானே இருக்குது" என்றார். சரியான பதில்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், வேண்டுமென்றே செய்கிறான் என்று சொன்னேன். கூடவே அவர் ஒன்று கேட்டிருந்தார். "மருந்து அடிக்கறதா இருந்தா மொத நாளே ஒரு வார்த்த சொல்லிடுங்க, வாசல அடச்சிடறேன். இல்லன்னா பொழுது சாயறப்ப அடிங்க. அப்ப அதுங்கள்லாம் உள்ள போயிடும்." சரி என்று தலையாட்டினேன்.

அந்தக் கார்த்திகையில்தான் உன் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகியது. பேசும்போதே மூச்சு நின்று நின்று வரும். திண்டிவனத்தில் ஒரு ஹக்கீமிடம் கூட்டிப்போனேன். அவர் நாடி பார்த்துவிட்டு ஒரு சூரணம் கொடுத்து, தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். நாங்கள் தேன் தொடுவதில்லை என்றேன். "தெரியுங்க. எங்க வேதத்துல தேனீ பேருலயே ஒரு அத்தியாயம் இருக்குது. அது வயித்துலேர்ந்து வர்றதுல மனுஷனுக்கு குணம் இருக்குதுன்னு சொல்லியிருக்குது. அதனால எனக்கு மொதல்ல தேன்தான் வாயில வருது" என்று சிரித்தார். பிறகு, "வெல்லப்பாகுல குடுங்க. கொஞ்சம் நாளாகும், அவ்ளோதான். உங்க தர்மத்த உட்டுட்டு ஒடம்ப மட்டும் காப்பாத்தச் சொல்ல மாட்டேன்" என்றார். இதைவிடப் பண்பாக யார் பேச முடியும்? ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அந்தப் பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப மோந்து பார்த்தேன். அவரே உள்ளே தேனைக் கலந்து உலர்த்தியிருப்பாரோ என்று சந்தேகம். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்து நாளில் அவளுக்கு இளைப்பு குறைந்தது. மனைவி மூச்சு விடச் சிரமப்படாமல் கோலம் போடுவதைப் பார்த்தால் புருஷனுக்கு என்ன தோன்ற வேண்டும்? எனக்குத் தோன்றியது வேறு. கொஞ்சம் நாளாகும் என்றாரே, அதற்குள் எப்படிக் குணமானது? சூரணம் குழைத்த கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தேன். வெல்லப் பானையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தினமும் மூடியைத் திறந்து பார்த்தேன். அவள் பேசும்போது ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். ஏழுமலையின் பெண்சாதி கொல்லைப்புறமாக வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போனால், போன பிறகு கொல்லையைச் சுற்றிப் பார்த்தேன். இருபது வருஷம் ஒரே சோற்றைப் பங்கிட்டுக்கொண்ட பெண்ணை நான் திருடனைப் போலத் தொடர்ந்தேன்.

தேடுகிறவனுக்கு ஏதாவது ஒன்று கிடைக்காமல் போகாது. ஒரு நாள் மத்தியானம், அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, கேப்பை மூட்டைக்குப் பின்னால் பழைய துணியில் சுற்றிய பாட்டில் ஒன்று அகப்பட்டது. தேன். திறந்து பார்க்காமலே தெரிந்தது. கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. நன்றாகக் கவனி, நிறைந்திருந்தது. யாரும் தொடவே இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? இது இரண்டாவது பாட்டில், முதல் பாட்டில் தீர்ந்துவிட்டது என்றது. பாட்டிலை இருந்தபடியே சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் வந்ததும் எதுவும் கேட்கவில்லை. அவள் வைத்த மோரைக் குடித்துவிட்டுக் கழனிக்குப் போய், ஏழுமலையின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்குள் நுழைந்து, என் விரதத்தைக் கெடுத்து, ஊரெல்லாம் சிரிக்க வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

சூரியகாந்தியில் புழு இருந்தது உண்மைதான். மருந்தும் வாங்கி வைத்திருந்தேன். எப்போதும் கூலிக்கு ஆள் வைத்துத்தான் அடிப்பேன். கொல்கிற காரியத்தை இன்னொருவர் கையால் செய்துவிட்டால் பாவம் நம் கணக்கில் வராது என்று ஒரு நினைப்பு. மறுநாள் ஏழுமலை மல்லாட்டை மூட்டைகளோடு திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். அவர் வண்டி போனதைப் பார்த்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக நானே தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பூவுக்கு நாலு, ஐந்து என்று தேனீக்கள் உட்கார்ந்திருந்தன. கழனி முழுக்க ஒரே ரீங்காரம். நான் புழுவுக்குத்தான் அடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக அடித்தேன். நடுவில் ஒரு முறை நிறுத்தினேன். இப்போதாவது நிறுத்திவிட்டுச் சாயங்காலம் அடிக்கலாம் என்று தோன்றியது. நிறுத்தினேன் என்றால் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? பிறகு மிச்சம் இருந்ததையும் அடித்து முடித்தேன்.

மூன்று மணிக்கு ஏழுமலை முறம் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தார். முறம் நிறையத் தேனீக்கள். செத்தவை பாதி. மீதி தலைகீழாகக் கிடந்து சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் நாக்கு வெளியே நீண்டிருந்தது. தேனீக்கு நாக்கு உண்டு என்பதையே அன்றுதான் பார்த்தேன். நாலறிவுயிர் என்று வருஷக்கணக்காகப் பாடம் சொன்னவன் நான்.

"ஆறு பொட்டியும் போயிடுச்சி நைனாரே. வாசல்ல குமிஞ்சி கெடக்குது. யாரோ பகல்ல மருந்து அடிச்சிருக்காங்க. நீங்க எதனா அடிச்சீங்களா?"

அவர் குரலில் சந்தேகம் இல்லை. வெறும் கேள்விதான்.

"நேத்து சாயங்காலம் அடிச்சேன் ஏழுமலை. நீ சொன்னாப்பலயே, பொழுது சாஞ்சப்புறந்தான்" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "காலைல உன் தம்பி கத்திரித் தோட்டத்துப் பக்கம் என்னமோ வாடை வந்துகினு இருந்துச்சி" என்றும் சொன்னேன்.

அவருடைய தம்பி பச்சையப்பனை உனக்கு ஞாபகம் இருக்கும். பாகப் பிரிவினையில் மனக்கசப்பு வந்து, அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. அதெல்லாம் தெரிந்துதான் அந்தப் பெயரைச் சொன்னேன். ஏழுமலை முறத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எறும்பக்கூட மிதிக்காதவரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நான் கழனியில் இருந்தபோது, கிணற்றடியில் அண்ணன் தம்பி இருவரும் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. பச்சையப்பன் என் பக்கம் கையை நீட்டி ஏதோ சொன்னார். ஏழுமலை அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது.

நான் வீட்டுக்கு வந்து துண்டைக் கொடியில் போட்டேன். அம்மா அதை எடுத்துத் துவைக்கப் போனவள் அப்படியே நின்றாள். மருந்து வாடைக்கு அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கிற வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போய்க் கேப்பை மூட்டைக்குப் பின்னாலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுக்குத்தானே?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்.

"போன மாசம் ஊருக்கு வந்தப்ப புள்ள ஏழுமலைகிட்ட கேட்டு வாங்கியாந்தான். எனக்கு மூச்சு அடைக்கறதப் பாத்து அழுவுறான். அப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆகும்னு பயந்துகினு, யாருக்கும் சொல்லாத குடிச்சிடும்மான்னு கையில குடுத்துட்டுப் போனான். நான் தொடல. தூக்கிப் போட்டா புள்ள மனசு கஷ்டப்படும், வெளியில வெச்சா நீங்க அவனத் திட்டுவீங்க. அதான் வெச்சிருந்தேன். நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. மோந்து பாத்தீங்க."

ஆமாம் மகனே, அது நீ கொண்டுவந்த பாட்டில். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அம்மா பிழைக்க வேண்டும் என்று நினைத்த பிள்ளை நீ. விரதத்தை விடாமல், உன் பாசத்தையும் தூக்கி எறியாமல், இரண்டையும் ஒரு மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள் அவள். அந்த இடத்தில் நான் துரோகத்தைத் தேடினேன்.

நீ யோசிப்பாய், அன்றே போய் ஏழுமலையிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். நான் போகவில்லை. நாளைக்குச் சொல்கிறேன், தை பிறக்கட்டும், அவர் கோபம் ஆறட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். தினமும் காலையில் ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கிற பாடத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். வரப்பைத் தாண்டி ஐம்பதடி நடந்து, ஒரே ஒரு மனிதரிடம் அதைக் கேட்க எனக்குக் கால் வரவில்லை. கோயிலில் தேன்துளிக் கதையைச் சொல்ல உட்கார்ந்தால், 'இன்னும் ஒரு துளி' என்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆசை என்றால் பொன்னும் பொருளும் பெண்ணும் என்றுதான் அதுவரைக்கும் அர்த்தம் சொல்லியிருந்தேன். சந்தேகமும் இனிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் நல்லவன், மற்றவர்கள் எல்லோரும் எனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்ற நினைப்பு நாக்கில் சொட்டச் சொட்ட, இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்று அண்ணாந்துகொண்டேதான் இருந்தேன்.

அறுவடைக்குப் பார்த்தால் சூரியகாந்தித் தலைகள் பெரிது பெரிதாக இருந்தன. கையால் தேய்த்தால் பதராக உதிர்ந்தது. பூவில் உட்காரத் தேனீ இல்லாமல் மணி பிடிக்கவில்லை. ஏழுமலை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அடப்பாவமே, உங்களுக்கும் நஷ்டம் ஆயிப்போச்சே நைனாரே. என் தம்பி பண்ண வேலைக்கு நீங்க ஏன் பேஜாரு படணும்" என்றார். எனக்காக அவர் வருத்தப்பட்டார். அதைக் கேட்டுக்கொண்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

வைகாசியில் அவருடைய மகளுக்கு மயிலம் முருகன் கோயிலில் கல்யாணம். தம்பிக்கு அழைப்பு இல்லை. நானும் அம்மாவும் பஸ்ஸில் போய் இறங்கினோம். மலையடிவாரத்தில் பூக்கடை ஓரமாகப் பச்சையப்பன் நின்றுகொண்டிருந்தார். புது வேட்டி, கையில் ஒரு தட்டு, அதில் புடவையும் பழமும். மேலே போக மனமில்லை, வீட்டில் இருக்கவும் மனமில்லை. அம்மா அவரைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போய்ட்டு வாங்க. நான் இவரு கூட இருக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கால்கள் தானாகப் பச்சையப்பனிடம் போய் நின்றன.

"தேனீக்கு மருந்து அடிச்சது நான்தான் பச்சையப்பா" என்றேன்.

"தெரியுங்க" என்றார் அவர்.

"நான் கத்திரிக்குத் தண்ணி கட்டிகினு இருந்தேங்க. நீங்க முதுவுல மாட்டிகினு வரிச வரிசயாப் போனத பாத்தேன். கெணத்தாண்ட எங்கண்ணங்கிட்ட சொன்னேன். நைனாரு மேலயா பழி போடறேன்னு அறஞ்சாரு. அப்புறம் யாருகிட்ட போய்ச் சொல்றது? ஊர்ல ஒருத்தன் நம்புவானா?"

நான் வருஷக்கணக்காகக் கட்டி வைத்திருந்த நல்ல பெயர்தான் அவர் கன்னத்தில் விழுந்த அறை. அதை மலையடிவாரத்தில், மேளச் சத்தம் கேட்கக் கேட்கத்தான் நான் புரிந்துகொண்டேன்.

உடனே மேலே ஓடியிருக்க வேண்டும். ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உனக்கு இனி பொய் எழுதப்போவதில்லை. நல்ல நேரத்தில் இதைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும், தாலி ஏறட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு மண்டபத்துத் தூணோரமாக நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர், பெண்ணுக்குச் சித்தப்பா இல்லையா என்று கேட்டது காதில் விழுந்தது. தாலி கட்டும்போது பச்சையப்பன் கீழேதான் நின்றிருந்தார். அந்த ஒரு நிமிஷத்தை இனி யாராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் செய்ததிலேயே பெரிய தப்பு எது என்று கேட்டால், மருந்து அடித்ததைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

பிறகுதான் ஏழுமலையைச் சமையல் கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன். பாட்டிலை, அம்மாவைச் சந்தேகப்பட்டதை, நேரம் பார்த்து மருந்து அடித்ததை, தம்பி பெயரைத் தெரிந்தே சொன்னதை, எதையும் விடவில்லை. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"பச்சையப்பன் எங்க?"

"கீழ. பூக்கட கிட்ட."

வைகாசி வெயிலில் கொதிக்கிற படிகளில் வெறுங்காலோடு இறங்கி ஓடினார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா கூட இருந்தாள், இன்றுவரை சொன்னதில்லை. தம்பியின் தோளில் கை போட்டபடி மேலே வந்தார். பச்சையப்பனைப் பந்தியில் இலை போடச் சொன்னார். என்னைக் கடந்து போகும்போது நின்று, "சாப்புட்டுப் போங்க" என்றார். நைனாரே என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து எனக்கு வரவில்லை. வரப்புத் தகராறு என்று உன்னிடம் சொன்னேனே, அது இதுதான்.

அடுத்த வருஷம் அவர் மறுபடியும் பெட்டி வைத்தார், தம்பியின் கழனியோரம். நான் தெளிப்பானை வெளியே எடுத்தால் எங்கிருந்தாலும் வந்து வரப்பில் நின்றுகொள்வார். நான் முடித்துக்கொண்டு போகிற வரைக்கும் நின்றிருப்பார். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு, இது நான் விதைத்த விதைதான் என்று ஏற்றுக்கொண்டேன். அதைவிட வலிக்கிறது ஒன்று உண்டு. அம்மா இப்போதும் அலமாரியில் எதை வைத்தாலும், "இதுல வடகம் வெக்கறேன்", "இதுல உங்க தங்கச்சி லெட்டர வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறாள். என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் செய்யவில்லை. அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியவன் நான்.

உனக்கு மனைவியாக வரப்போகிற பெண்ணுக்கு உன் வீட்டில் இந்தப் பழக்கம் வரக்கூடாது. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஏதாவது மனதில் தட்டுப்பட்டால் அன்றைக்கே வாய் திறந்து கேள். பதில் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. அவள் ஒரு நாள் உன்னைச் சந்தேகப்பட்டாலும் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல். தேனைத் தொடாதே, அது நம் தர்மம், அதை நீ விடமாட்டாய் என்று தெரியும். ஆனால் தொடாதவன் என்ற பெருமையை மட்டும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. எனக்கு அதுதான் கண்ணை மறைத்தது.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஏழுமலை வீட்டுக்குப் போனேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தேன். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். தட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"உங்க புள்ளைக்கு இதெல்லாம் தெரியுங்களா?" என்றார்.

"தெரியாது."

"என்கிட்ட பாட்டிலு வாங்கினு போனது அந்தப் புள்ளதானே. அதுக்கு இன்னா நடந்துச்சின்னு தெரியாம நான் எப்பிடி வந்து அட்சத போடறது? மொதல்ல அதுகிட்ட சொல்லுங்க. அப்புறம் பத்திரிக குடுங்க, வாங்கிக்கறேன்."

நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று நான் எப்படி நம்புவது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, நான் மறுபடி பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியும். அதனால் பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை நான் கொடுக்கப்போவதில்லை, நீதான் கொடுக்க வேண்டும். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. நேராக ஏழுமலை வீட்டுக்குப் போ. அம்மா பத்திரிகையோடு அங்கே இருப்பாள். அப்பா சொன்னாரா என்று அவர் உன்னைக் கேட்பார். சொன்னார் என்று நீ உன் வாயால் சொல்லு.